மாமா என் பேரில் அழுத கூட்டம்

“நான் தேசம்மா” என்றார் என் மாமா.

கோயில் வாசல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊர் ஆம்பளைகள் எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா நடுவில் நின்றார். எப்போதும் தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. முறையிட வருகிறவர்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். மீசையை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

“நான் தேசம்மா. புருஷனை மண்ணுக்குக் குடுத்துட்டு நிக்கிறவ.”

தேசம்மா நான். கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட ஒரு படகை ஒட்டி நின்றிருந்தேன். உயிரோடுதான் இருந்தேன். தொண்டையும் நன்றாகத்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுத வந்தேன்.

ஊர் பேர் வேண்டாம்

போன வாரம் இறால் உரிக்கிற கதையை எழுதினேன். படித்துவிட்டு என் வாடிக்கைக்காரர்கள் சிலர், “உன் ஊர் எதுன்னு எழுதலையே” என்றார்கள்.

எழுத மாட்டேன். திருவான்மியூரிலிருந்து தெற்கே, கொட்டிவாக்கம் பக்கமாக, கடலோரத்தில் ஒரு குப்பம். அது போதும். பேரைப் போட்டால் ஊர் கூட்டம் போடும். கூட்டம் போட்டால் எனக்காக மறுபடியும் மாமாதான் பேசுவார்.

நான் படித்தது அஞ்சாவது. என் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகையில் திருத்துகிறார்கள். பேச்சைத் திருத்தக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமா என்றால் என் புருஷனின் அண்ணன். பேர் கன்னியப்பன். எங்கள் ஊர்த் தலைவர். நல்ல மனுஷன். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

என் புருஷன் ஏழுமலை. அவர் பேரை எழுதுகிறேன். வாயால் சொல்வதில்லை. அவர் கடலில் போகவில்லை. மஞ்சள் காமாலையில், கட்டிலில் போனார். ஒரே மகள், பிரேமா. காசிமேட்டில் கட்டிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறாள்.

குடும்பக் கதை முடிந்தது.

வரி

எங்கள் ஊரில் ஊர் வரி என்று ஒன்று உண்டு. அரசாங்கத்துக்குக் கட்டுவது இல்லை. ஊருக்குக் கட்டுவது. அம்மன் திருவிழாவுக்கு, படகு உடைந்தவனுக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்கு என்று அந்தப் பணம் போகும்.

மீசை முளைத்துக் கடலுக்குப் போகிற ஒவ்வொரு ஆம்பளைக்கும் ஒரு வரி. வரி கட்டுகிறவன் ஊரில் ஒரு ஆள். கூட்டத்தில் அவன் பேரைக் கூப்பிடுவார்கள். அவன் “இருக்கேன்” என்பான். புயலுக்கு அரிசி வந்தாலும், வெள்ளத்துக்குப் போர்வை வந்தாலும் அந்தப் பேருக்குத்தான்.

பொம்பளைக்கு வரி கிடையாது.

நல்லதுதானே என்பீர்கள். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தேன். கட்டாமல் தப்பித்தோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தேன். கட்டாதவள் கணக்கில் இல்லாதவள் என்பது புருஷன் போன பிறகுதான் புரிந்தது.

புருஷன் செத்தால் அவன் வரி அடங்கிவிடும். மகன் இருந்தால் மகன் எடுத்துக்கொள்வான். மகள் இருந்தால்? மகள் இருக்கிறாள். அவ்வளவுதான்.

வரி வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்களை டிவியில் தினம் பார்க்கிறேன். எனக்கு வரி போடுங்கள் என்று சண்டைக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காரணம் இருந்தது.

ஒரு வரிக்கு ஒரு மேடை

ரோட்டோரம் உட்கார்ந்து மீன் விற்கக்கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்துவிட்டது. கார் போக வழியில்லையாம். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே வழவழவென்று டைல்ஸ் ஒட்டிய மேடைகள். தண்ணீர்க் குழாய். தலைக்கு மேல் மின்விசிறி. மீனுக்கா எங்களுக்கா என்று வள்ளி கேட்டாள்.

வள்ளி எனக்குப் பக்கத்தில் கூடை போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

மேடைகளை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள் என்று ஊரிடமே விட்டுவிட்டார்கள். ஊர் பிரித்தது. ஒரு வரிக்கு ஒரு மேடை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மீன் விற்பது பொம்பளை வேலை. ஆம்பளை கடலுக்குப் போவான், பிடித்து வருவான், மணலில் கொட்டுவான். அதோடு சரி. ஏலம் போடுவது, ஐஸ் வைப்பது, கூடை தூக்குவது, செதில் தேய்ப்பது, அறுப்பது, விற்பது எல்லாம் நாங்கள். ஒரு ஆம்பளையைத் தராசு முன்னால் உட்கார வைத்தால் முதல் கிராக்கியே பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடும்.

மேடை எல்லாம் அவர்களுக்கு. ஒவ்வொரு மேடையின் முகப்பிலும் மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு ஆம்பளை பேர் எழுதுவதாக ஏற்பாடு. வள்ளியின் புருஷன் குமாருக்கு வாசல் பக்கம் நல்ல மேடை விழுந்தது. குமாருக்கு மீன் பிடிக்கத் தெரியும். விலை கேட்டால் வீட்டைப் பார்த்து, “வள்ளீ” என்று கத்தத் தெரியும்.

எல்லாப் பொம்பளைகளும் அவரவர் புருஷன் மேடையில் உட்கார்ந்துகொள்ளலாம். எனக்குப் புருஷன் இல்லை. அதனால் வரி இல்லை. வரி இல்லாததால் மேடை இல்லை. மேடை இல்லாததால் தொழில் இல்லை.

பிரேமா பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்த ரோட்டில் உட்கார்ந்து விற்கிறவள் நான்.

“யக்கா, இன்னா பண்ணப் போற?” என்றாள் வள்ளி.

“வரி கட்டப் போறேன்.”

“வெயில்ல குந்திக் குந்தி உனுக்கு மண்டை கலங்கிப் போச்சு.”

“இருக்கும்.”

“என் மேடையில ஓரமா குந்திக்கோயேன்.”

“அது உன் மேடை இல்ல. குமார் மேடை.”

வள்ளி தன் கூடையை என் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

மைக் வந்த நாள்

அந்தச் சமயத்தில்தான் மைக் வந்தது.

ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். கூடவே கேமரா பிடிக்கிற ஆள். யூடியூப் சேனலாம். நான் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வைத்த மைக்கை மீன் தலைக்கும் என் தலைக்கும் நடுவில் நீட்டினாள்.

“அக்கா, நம்ம அரசியல் சட்டத்துல ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமைன்னு இருக்கு. அதைப் பத்தி மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வர்றோம். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“சட்டத்துல எழுதிட்டாங்களா?”

“எழுதியாச்சுக்கா. ரொம்ப வருஷம் ஆச்சு.”

“எழுதினப்புறம் ஜனங்களை இன்னாத்துக்குக் கேக்கற? ரெட் லைட்டாண்ட நின்னு, நிக்கலாமா வோணாவான்னு யாரையாச்சும் கேப்பியா?”

அவள் சிரித்தாள். கேமராக்காரர் சிரிக்கவில்லை. வீடியோவில் நான் வரவில்லை. என் வஞ்சிரம் வந்தது.

மைக் என்றால் மாமாவுக்கு மோப்பம் உண்டு. எங்கிருந்தோ வந்தார். வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

“எங்க ஊர்ல ஆம்பளை, பொம்பளைன்ற வித்தியாசமே கெடையாதும்மா” என்றார். “சொல்லப்போனா பொம்பளைங்களுக்குத்தான் உரிமை ஜாஸ்தி. அவங்க வெச்சதுதான் இங்க சட்டம். இந்த ஊர்ல ஒரு பொம்பளை கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா, அன்னிக்கு என் வூட்ல அடுப்பு எரியாது.”

அவர் வீட்டில் அடுப்பு எரிக்கிறவர் அவர் சம்சாரம். எரியாத நாள் ஏதாவது உண்டா என்று அவரைக் கேட்டிருக்கலாம். மைக் அந்தப் பக்கம் போகவில்லை.

வீடியோவை வள்ளியின் போனில் பார்த்தோம். ஊரெல்லாம் கேட்டிருந்தார்கள்.

தி.நகரில் நடைபாதையில் பை விற்கிறவர் சொன்னார்: “பஸ்ஸை ஃப்ரீயா வுட்டாச்சு. இன்னும் இன்னா உரிமை வோணும் அவங்களுக்கு? நாங்கதான் காசு குடுத்து நின்னுனு போறோம். எங்களுக்கு யாரு நைனா குடுப்பாங்க சம உரிமை?”

அடையாறு பூங்காவில் ஷூ போட்டு நடக்கிறவர் சொன்னார்: “ஈக்வல் ரைட்ஸ் கண்டிப்பா வேணும். எங்க வீட்டுல எல்லா முடிவும் என் ஒய்ஃப்தான் எடுப்பாங்க. நான் ஜஸ்ட் அப்ரூவ் பண்ணுவேன்.”

மயிலாப்பூர் குளக்கரையில் காய்கறிப் பையோடு ஒரு மாமி சொன்னார்: “எங்காத்துல அவர் எதுலயும் தலையிட மாட்டார். அடுக்களை எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது. அவ்வளவு சுதந்திரம் குடுத்துண்டிருக்கார்.”

கடைசியில் எங்கள் மாமா. பின்னால் கடல். சோகமாக வயலின் வேறு சேர்த்திருந்தார்கள்.

சம உரிமை வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தர்கூட இல்லை. இத்தனை பேர் வேண்டும் என்கிற ஒன்று எங்கேதான் போய் மாட்டிக்கொண்டது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காந்தி நகர் வீடு

அடையாறு காந்தி நகரில் எனக்கு ஒரு வாடிக்கை வீடு. சாரும் மேடமும் காலேஜில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்கள். செவ்வாயும் வெள்ளியும் விட்டு மற்ற நாளில் மீன் உண்டு.

மேடம் வீடியோவைப் பார்த்திருந்தார்.

“தேசம்மா, உங்க ஊர்ல எவ்வளவு முன்னேறிட்டீங்க! உங்க தலைவர் மாதிரிப் பேச எங்க காலேஜ்ல ஒரு ஆம்பளை கிடையாது.”

“ஆமாம்மா. நல்லா பேசுவாரு.”

மேடம் போனை எடுக்க உள்ளே போனார். சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், சங்கரா மீனா, கவலை மீனா?”

“அது மேடம் டிபார்ட்மென்ட்” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அந்த வீட்டுக் கேட்டில் ஒரு பித்தளைப் பலகை. சார் பேர். பேருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி பட்டங்கள். வீட்டுக்கு லோன் போட்டுக் கட்டி முடித்தது மேடம் சம்பளம். மேடமே ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பெருமையாக. மேடம் பேர் பலகையில் இல்லை.

அதற்குக் கீழே இன்னொரு பலகை. நாய் ஜாக்கிரதை.

நாய் செத்து ரொம்ப காலம் ஆகிறது. பலகையை யாரும் கழற்றவில்லை.

இதை மேடத்திடம் சொல்லவில்லை. மீன் வாங்குகிற வீட்டில் எதற்கு? இந்த வாரம் படிப்பார். பார்க்கலாம்.

மதிலுக்கு இந்தப் பக்கம்

கூட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பொம்பளைகள் உட்கார மாட்டோம். மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்போம். கேட்கலாம். பேசக்கூடாது. பொம்பளைக்கு வழக்கு இருந்தால் அவள் வீட்டு ஆம்பளை ஒருத்தர் அவளாக நின்று பேச வேண்டும். “அவள் சொல்கிறாள்” என்று பேசக்கூடாது. “நான்” என்றே பேச வேண்டும். அதுதான் முறை. ஊர் அவளை நேராகக் கேட்கிறது என்று அதற்கு அர்த்தமாம்.

காலையில் கரையில் நான் ஏலம் கூவினால் ரோட்டில் ஐஸ் வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதே ஆம்பளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் சொல்கிற விலைக்காக. சாயங்காலம் அதே மணலில் என் குரல் அவர்கள் காதுக்கு ஆகாது.

வேலு எழுந்தார். கூட்டத்தில் பேர் கூப்பிடுவது அவர்தான்.

“தேசம்மா கேஸு. வரி கேக்குது. பேச அந்த வூட்டு ஆம்பளை யாரு கீறாங்க?”

யாரும் எழுந்திருக்கவில்லை. என் அப்பா இல்லை. கூடப் பிறந்தவர் இல்லை. புருஷன் இல்லை. மருமகன் வேற்றூர்.

“தலைவரே” என்றார் வேலு. தலையைச் சொறிந்தார். “நீங்கதான்.”

கூட்டம் திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா நாற்காலியில் இருந்தார். தீர்ப்புச் சொல்லும் நாற்காலி. கேட்க வேண்டியவரும் அவரே, சொல்ல வேண்டியவரும் அவரே. இப்படி ஒன்று வரும் என்று ஊர் யோசித்து வைத்திருக்கவில்லை.

மாமா எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார். நடந்து வந்து காலி நாற்காலிக்கு எதிரே நின்றார்.

“நான் தேசம்மா” என்றார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். மாமா இளவயதில் திருவிழாக் கூத்தில் வேஷம் கட்டியவர். எப்போதும் பொம்பளை வேஷம்தான். அவர் ஒப்பாரி வைத்தால் ஐஸ் கம்பெனி முதலாளி கூட அழுவார் என்பார்கள்.

“தலைவரே” என்று காலி நாற்காலியைக் கும்பிட்டார். “வாழ வந்த ஊரு இது. புருஷன் கடலுக்குப் போனா, வர்ற வரைக்கும் கண்ணை மூடாம கரையைப் பாத்துனு இருந்தவ நானு. அவரு போயிட்டாரு. ஆம்பளைப் புள்ள இல்ல. கூடையைத் தவுர எனக்கு இன்னா கீது? கை நாற நாற மீன் அறுத்து ஒரு பொண்ணைக் கரையேத்துனேன். இந்த ஊர்ல ஒருத்தராண்டயும் கை நீட்டல. இன்னிக்கும் பிச்சை கேக்கல. என்னாண்டயும் வரி வாங்கிக்கோங்கன்னுதானே கேக்குறேன்? அது தப்பா?”

குரல் உடைந்தது. அது வேஷம் இல்லை. செத்தவர் அவர் தம்பி.

மதிலுக்கு இந்தப் பக்கம் எல்லாப் பொம்பளைகளும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். எனக்கே கண் கலங்கியது. தேசம்மா பாவம்தான் என்று தோன்றியது.

வள்ளி என் காதில் சொன்னாள்: “யக்கா, நீ இவ்ளோ நல்லவளா? இத்தினி நாளா எனுக்குத் தெரியாம போச்சே.”

மாமா மூக்கைச் சிந்தினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தோளில் போட்டுக்கொண்டார். நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

“தேசம்மா கேட்டது ஞாயம்தான்” என்றார். “யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா ஊர் வழக்கம்னு ஒண்ணு கீது. பொம்பளைக்கு வரி போட முடியாது.”

குமார் எழுந்துவிட்டான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

“இன்னா நைனா, இப்பதான குலுங்கிக் குலுங்கி அழுத?”

“அழுதது தேசம்மா” என்றார் மாமா. “சொல்றது தலைவர்.”

செத்தவருக்கு உயிர் வந்தது

குமார் போனில் அந்த வீடியோவைப் போட்டான். சத்தத்தைக் கூட்டி வைத்தான். எங்க ஊர்ல ஆம்பளை, பொம்பளைன்ற வித்தியாசமே கெடையாதும்மா. வயலின். சொல்லப்போனா பொம்பளைங்களுக்குத்தான் உரிமை ஜாஸ்தி.

மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மாமா கடலைப் பார்த்தார்.

“அது வெளியாளுங்களுக்குச் சொன்னது” என்றார். “மைக்கை நீட்டுனா வேற இன்னா சொல்றது?”

இவ்வளவு நேர்மையான பதிலை அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நல்ல மனுஷன்.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். அவளுக்கு ஒரு வழி பண்ணத்தான் வேண்டும் என்றார்கள். பொம்பளைக்கு வரி போட்டால் நாளைக்கு எல்லாப் பொம்பளையும் வருவாள் என்றார்கள். வந்தால் உட்காருவாள், உட்கார்ந்தால் பேசுவாள், பேச ஆரம்பித்தால் வீட்டுக்கு எப்போது போவது என்று ஒருத்தர் கேட்டார். ரொம்பப் பேர் தலையாட்டினார்கள்.

கடைசியில் வேலு ஒரு வழி சொன்னார்.

“ஏழுமலை பேரை மறுபடி வரிக் கணக்குல சேத்துட்டா இன்னா? அவன் உயிரோட கீறான்னு வெச்சிக்கலாம்.”

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. எல்லாருக்கும் பிடித்துப்போனது. வழக்கமும் உடையவில்லை, தேசம்மாவுக்கும் மேடை. மாமா, “சபாஷ் வேலு” என்றார்.

உயிரோடு இருக்கிற என்னை ஒரு ஆளாக வைத்துக்கொள்வதைவிட, செத்துப்போனவரை எழுப்பி உட்கார வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்த வாரம் கொட்டகை திறந்தார்கள். என் மேடை முகப்பில் மஞ்சள் பெயிண்ட்டில் பளபளவென்று எழுதியிருந்தது. ஏழுமலை.

நான் மேடையில் ஏறவில்லை. அதன் முன்னால் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். கூடையையும் தரையிலேயே வைத்தேன்.

“மேடை காலியாத்தானே இருக்கு? ஏன் கீழ உட்கார்ந்திருக்கே?” என்று வாங்க வருகிறவர்கள் கேட்டார்கள்.

“அது என் வூட்டுக்காரர் எடம். இன்னும் வரல.”

“எப்ப வருவார்?”

“ஊரைத்தான் கேக்கணும்.”

திருவான்மியூரிலிருந்து வருகிற ஒரு பெரியவர் பாவம், ஒரு மாதம் போல, “உன் வீட்டுக்காரர் வந்தாரா?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். வள்ளிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மீன் கை தவறிப் போனது. மாமா காதுக்கும் போயிற்று. கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பேர் கூப்பிட்ட நாள்

ஆடி பிறந்தது. திருவிழா வரிக்குக் கூட்டம் போட்டார்கள். வரிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். நான் வழக்கம்போல மதிலுக்கு இந்தப் பக்கமே நின்று யாரிடமாவது கொடுத்தனுப்புவது என்று பேச்சு.

வேலு வரிசையாகக் கூப்பிட்டார். இருக்கேன், இருக்கேன் என்று குரல்கள் வந்தன. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

“ஏழுமலை.”

பதில் இல்லை.

“ஏழுமலை!”

மதிலைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். வள்ளி, “யக்கா, யக்கா” என்றாள். மணல் இன்னும் சுட்டது. ஆம்பளைகள் நடுவில் போய் நின்றேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அம்மன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

“அவரு செத்துட்டாரு வேலு” என்றேன்.

வேலு குரலை இறக்கினார். “தெரியும்க்கா. சும்மா பேருக்குத்தான். நீ அந்தாண்ட நின்னு குடுத்தனுப்பினா போதும்.”

“செத்தவரு வரிதான் வோணும்னா அவரையே கூட்டியா. எனக்கும் அவராண்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

சிலர் சிரித்தார்கள். சிலர் மாமாவைப் பார்த்தார்கள். மாமா எழுந்தார். கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டு கக்கத்துக்கு வந்தது. நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார்.

“நான் தேசம்மா...” என்று ஆரம்பித்தார்.

“உக்காரு மாமா” என்றேன். “தேசம்மா இங்கதான் கீறா.”

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். அந்த மணலில் என்னை அவர் பார்த்தது அதுதான் முதல்தடவை. துண்டைத் தோளில் போடுவதா, கக்கத்திலேயே வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை. நின்ற இடத்திலேயே, மணலில்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து வேலுவிடம் நீட்டினேன்.

வேலு நாற்காலியைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. மணலைப் பார்த்தார். மாமா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பணம் நீட்டிய கையைத் தள்ள எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. வாங்கிக்கொண்டார்.

“பேரை அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்” என்றார்.

யாரும் என் பேரைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“இருக்கேன்.”

மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. யார் என்று ஊர் விசாரித்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வள்ளிக்கும் தெரியாதாம்.

மறுநாள் மேடையில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல மேடை. இடுப்புக்கு சுகமாக இருக்கிறது. மைக் பிடித்த பெண் ஒருநாள் வந்தாள். “இப்ப சம உரிமை கிடைச்சிடுச்சாக்கா?” என்றாள். மின்விசிறி ஓடுகிறது என்றேன்.

என் பேரைப் பேச வேண்டிய அடுத்த கூட்டம் இன்னும் கூடவில்லை. அலை சரியில்லை என்கிறார்கள். மேடை முகப்பில் இன்றைக்கும் ஏழுமலை பேர்தான். அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

கடை மூடும்போது எல்லாரும் மேடை கழுவுவோம். நானும் கழுவுகிறேன். மேலே கழுவுகிறேன், முகப்பையும் கழுவுகிறேன். உப்புத் தண்ணீர், தென்னந்துடைப்பம். தினமும். ஏழுமலைக்கு இதில் வருத்தம் இருக்காது. இருந்த காலத்திலும் அவர் மீன் விற்கிற பக்கம் வந்ததில்லை.

முதலெழுத்து போய்விட்டது. அடுத்தது மங்கிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் மாமா கொட்டகைக்கு வந்தார். என் மேடை முன்னால் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

“மட்டமான பெயிண்ட்டு” என்றார்.

“ஆமா மாமா” என்றேன்.